இரண்டாம் வரிசை, ஒன்பதாம் சேனல்

12, குவாரி ஹில் சாலை
கல்வர் பிளஃப், விஸ்கான்சின்
18 நவம்பர் 2024

திரு. வெர்லின் ஓடெகார்ட்
தலைவர், குவாரி ஹில் வீட்டு உரிமையாளர் சங்கம்

மதிப்பிற்குரிய திரு. ஓடெகார்ட்,

கேபிளுக்குப் பணம் கட்ட வழியில்லாமல்தான் நான் கூரையில் ஆண்டெனா வைத்தேன் என்று போன வெள்ளிக்கிழமை ஊரார் கூடும் மீன் விருந்தில் பேசிக்கொண்டார்களாம். அது உண்மையில்லை. லோர்னா டீட்ஸ் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "ரோசெல்லா, கஷ்டம்னா வாய் திறந்து சொல்லு, சர்ச்சுல அதுக்குன்னே ஒரு நிதி இருக்கு" என்று காதோடு சொன்னாள். மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். என் கணவர் அலாய்ஸ் முப்பத்தொரு வருடம் வெண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் போன பிறகும் இந்த வீட்டில் எந்தக் கட்டணமும் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை.

நடந்தது இதுதான். செப்டம்பர் முப்பதோடு கேபிள் நிறுவனத்துக்கும் ஒன்பதாம் சேனலுக்கும் ஒப்பந்தம் முறிந்தது. சேனல் இருந்த இடத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டார்கள்: "உங்களுக்காகப் போராடுகிறோம்." ஐந்து வாரம் காத்திருந்தேன். எனக்காக யாரும் போராடியதாகத் தெரியவில்லை. கேபிள் பெட்டியை ஒரு பையில் போட்டு, டாக்ஸியில் போய், வரிசையில் நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். பிறகு கொட்டகையில் கிடந்த அலாய்ஸின் பழைய ஆண்டெனாவை எடுத்துக் கூரையில் ஏற்றினேன். மழைநீர்க் குழாய்களைப் பழுதுபார்க்க வந்த ட்வெயின்தான் ஏறினான். நான் கீழே நின்று சொன்னேன்.

இரண்டாவது விஷயம். பதினான்காம் விதியை மீறிவிட்டேன் என்று நீங்கள் எழுதிய சங்க நோட்டீஸை என் வாசற்கதவில் ஒட்டும் நாடாவால் ஒட்டியிருக்கிறார்கள். அது வார்னிஷ் அடித்த ஓக் கதவு. நாடாவை எடுத்தபோது வார்னிஷும் சேர்ந்து வந்தது. என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தபாலில் அனுப்புங்கள். நம் வீடுகளுக்கு நடுவே நாற்பதடிதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரோசெல்லா பிராண்டல்


22 நவம்பர் 2024

அன்புள்ள ரோசெல்லா,

தபாலில்தான் அனுப்புகிறேன். இது பெருநகரம் போய்ச் சுற்றித் திரும்பி எதிர்வீட்டுக்கு வர இரண்டு நாளாகும். உங்கள் விருப்பம்.

கதவுக்கு வருந்துகிறேன். அதற்கு முன்னால் இரண்டு தரம் நேரில் வந்தேன். விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது, கதவு மட்டும் திறக்கவில்லை. அதனால்தான் நாடா.

பணக் கதையைக் கிளப்பியது நான் இல்லை. மீன் விருந்தில் என் காதிலும் விழுந்தது. "அந்தம்மா நம்ம ரெண்டு பேரையும் விலைக்கு வாங்கும், பேசாம சாப்பிடு" என்று சொன்னவன் நான்தான். அதை யாரும் உங்களிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் விதி விதிதான். தெருவிலிருந்து தெரியும்படி கூரையில் எதையும் வைக்கக்கூடாது. இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது நீங்களும் அலாய்ஸும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஐந்து வீட்டார் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர், ஏதோ மீன்முள் கூரையில் ஏறி உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. இதைச் சங்கத் தலைவராக இல்லை, ஆர்டிஸின் கணவனாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் ஆண்டெனா தெற்கே, நகரத்தைப் பார்த்து இருந்தது. நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் திரும்பி நேராக எங்கள் வீட்டைப் பார்க்கிறது. ஆர்டிஸ் இடுப்பு முறிந்ததிலிருந்து முன்ஜன்னல் ஓரம் படுத்திருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். "வெர்லின், ரோசெல்லா எதுக்கு அதை நம்ம மேல குறி வச்சிருக்கா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

முப்பது நாளுக்குள் இறக்கிவிடுங்கள்.

வெர்லின் ஓடெகார்ட்


26 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய திரு. ஓடெகார்ட்,

ஆர்டிஸிடம் சொல்லுங்கள்: நான் யார்மேலும் குறி வைக்கவில்லை. ஒன்பதாம் சேனலின் கோபுரம் வடமேற்கே, ஆற்றுக்கு அப்பால் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. என் கூரையிலிருந்து அதற்கு ஒரு நேர்கோடு போட்டால் அது உங்கள் வீட்டு உச்சியைத் தாண்டித்தான் போகும். வீட்டை அங்கே கட்டியது நீங்கள்.

முதலில் நகரத்தைப் பார்த்து வைத்தது என் தவறு. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த சேனலின் பெரிய பெயர்ப்பலகையும் செய்தி வாசிக்கும் கட்டடமும் நகரத்தில் இருப்பதால், அலையும் அங்கிருந்துதான் வரும் என்று நினைத்துவிட்டேன். ஒரு வாரம் முழுக்க நகை விற்கும் சேனல் ஒன்றுதான் வந்தது. நூலகத்தில் கோபுரங்களின் வரைபடம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ட்வெயின் மறுபடி ஏறினான். "பாட்டி, இது நகர மாட்டேங்குது, கல்யாணமானவன் மாதிரி பிடிச்சிட்டு நிக்குது" என்றான். என்னைப் பாட்டி என்று கூப்பிட வேண்டாம் என்றும், எண்ணெய் விடும்படியும் சொன்னேன். திரும்பியது.

அதற்கும் முன்னால் இன்னொரு தவறு செய்தேன். கடையில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய தகடு ஒன்றை விற்றார்கள். பெட்டியில் எச்.டி. என்று மூன்று இடத்தில் அச்சடித்திருந்தது. அதில் எல்லா சேனலும் வந்தன, ஒன்பதைத் தவிர. ஒன்பதாம் சேனலின் அலை நீளமானது. அதைப் பிடிக்க நீளமான கைகள் வேண்டும். எச்.டி. ஆண்டெனா என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, திரு. ஓடெகார்ட். அலையைப் பிடிப்பது கம்பி. அதைப் படமாக்குவது டி.வி. அலாய்ஸ் 1978இல் வாங்கிய அதே அலுமினியக் கம்பிகள், கேபிளில் நான் ஒருநாளும் பார்க்காத தெளிவோடு படத்தைக் கொண்டுவருகின்றன.

இனி விதி. சொந்தக் கூரையில், உள்ளூர் ஒளிபரப்பைப் பிடிக்க, வீட்டுக்காரர் ஆண்டெனா வைப்பதை எந்தச் சங்கமும் தடுக்கக்கூடாது என்று வாஷிங்டனில் மத்திய அரசு போட்ட விதி சொல்கிறது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். பிரதி இணைத்திருக்கிறேன். பென்சில் கோடுகள் நான் போட்டவை.

ஆண்டெனா இறங்காது.

ரோசெல்லா பிராண்டல்


13 டிசம்பர் 2024

அன்புள்ள ரோசெல்லா,

சங்கத்தின் வழக்கறிஞரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எதிர்ல இருக்கிறது யாரு, ரிட்டயர்டு ஜட்ஜா?" என்று கேட்டார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர் என்றேன். "அதைவிட மோசம்" என்றார். நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறோம். இதுவே எழுத்துபூர்வமான அறிவிப்பு.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் எதிரெதிர் வீடு. அலாய்ஸின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நான் ஒருவன். ஒன்பதாம் சேனலில் செய்தி வருகிறது, வானிலை வருகிறது, பால் விலை வருகிறது. ஞாயிறு காலையில் உங்கள் மடத்துப் பூசை வருகிறது. பூசை வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஆயிரம் இடத்திலிருந்து வருகிறதே. முகம் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்கு அந்த ஒரு சேனலில் அப்படி என்னதான் இருக்கிறது?

நேற்று விழுந்த பனியைத் தள்ளும்போது பழக்கதோஷத்தில் உங்கள் வீட்டு வழியையும் தள்ளிவிட்டேன். இந்த வருடம் வேறு ஆள் வைத்திருக்கிறீர்கள் என்பது பாதி தள்ளிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பாதியில் விட்டால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று முழுவதும் தள்ளிவிட்டேன்.

ஆர்டிஸ் ஒரு டப்பா லெஃப்ஸா அனுப்பியிருக்கிறாள். படுத்தபடியே அவள் அதட்ட, நான் இட்ட ரொட்டி. வட்டமாக இருக்காது.

வெர்லின்


20 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய திரு. ஓடெகார்ட்,

உங்கள் அறிவிப்பு கிடைத்தது. கோப்பில் வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் சேனலில் நான் எதைப் பார்க்கிறேன் என்பது என் சொந்த விஷயம்.

தள்ளிய பனியைத் திரும்பப் போடச் சொல்ல முடியாது. ஆகவே நன்றி.

டப்பாவைக் காலியாகத் திருப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சோம்பு பிஸ்கட் வைத்திருக்கிறேன். கெட்டியாக இருக்கும், ஆர்டிஸ் காப்பியில் நனைத்துச் சாப்பிடட்டும். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரோசெல்லா பிராண்டல்


12 மே 2025

மதிப்பிற்குரிய திரு. ஓடெகார்ட்,

உங்கள் முன்முற்றத்து மேப்பிள் மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

குளிர்காலம் முழுவதும் என் படம் குறையில்லாமல் வந்தது. மே நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கட்டம் கட்டமாக உடைந்தது. நேற்று, பதினொன்றாம் தேதி, பாதிரியாரின் நெற்றி வந்தது, பிறகு கடைசிப் பாட்டு வரைக்கும் ஒன்றும் இல்லை. பழைய காலத்து டி.வி.யாக இருந்தால் புள்ளி புள்ளியாகவாவது ஏதோ தெரியும். இதில் வந்தால் முழுதாக வருகிறது, இல்லையென்றால் அப்படியே உறைந்து நிற்கிறது. கம்பிகளையும் இணைப்புகளையும் சோதித்தாயிற்று. சேனல்களை மூன்று முறை புதிதாகத் தேட வைத்தேன். குறை என் வீட்டில் இல்லை. உங்கள் மரம் இலை விட்டிருக்கிறது. கோபுரத்துக்கும் எனக்கும் நடுவே இப்போது ஈர இலைகளால் ஒரு சுவர் நிற்கிறது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்பத்தை இன்னும் உயர்த்துவது. அது கூரைக்கு மேல் பன்னிரண்டு அடியைத் தாண்டும், அதற்குச் சங்கத்தின் அனுமதி வேண்டும் என்று அதே வாஷிங்டன் விதி சொல்கிறது. எனக்குச் சாதகமான இடத்தை மட்டும் படிப்பவள் அல்ல நான். மேலும், ட்வெயின் அவ்வளவு உயரம் ஏற மாட்டான். இரண்டு, தெரு பக்கம் நீண்டிருக்கும் இரண்டு மேல் கிளைகளை வெட்டுவது. அவற்றைத் தெருவில் நின்று நீளக் கழியால் சுட்டிக்காட்டத் தயாராக இருக்கிறேன். வெட்டுக்கூலி என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தால் நல்லது.

ரோசெல்லா பிராண்டல்


14 மே 2025

அன்புள்ள ரோசெல்லா,

மரத்துக்கு வாஷிங்டனில் விதி இல்லை. வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டேன்.

வன்மத்தில் சொல்லவில்லை. நாங்கள் இங்கே வந்த வருடம் ஆர்டிஸ் வைத்த மரம் அது. என் இடுப்பு உயரம் இருந்தது. இரண்டு கோடை வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். இப்போது அவளுக்கு இருக்கிற வெளியுலகம் அந்த ஜன்னலும் அந்த மரமும்தான். எந்தக் கிளையில் எந்தக் குருவி என்று காலையில் எனக்குச் சொல்வாள். கேபிள்காரன் ஒன்பதாம் சேனலைப் பிடுங்கி ஏழு மாதமாகிறது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அதற்கு மேல் கிளையையும் வெட்டு என்று நான் போய் எப்படிச் சொல்வேன்?

டிசம்பரில் நான் ஒரு கேள்வி கேட்டேன். சொந்த விஷயம் என்று எழுதினீர்கள். சரி. அப்போது உங்களிடம் விதி இருந்தது. இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், நான் கொடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் ஆர்டிஸின் மரத்தில் ரம்பம் வைக்க மாட்டேன்.

வெர்லின்


16 மே 2025

மதிப்பிற்குரிய திரு. ஓடெகார்ட்,

நீங்கள் கேட்டது நியாயம். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஞாயிறு நெருங்குவதால் தபாலில் போடாமல் ட்வெயினிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்பதாம் சேனலில் ஞாயிறு காலை எட்டு மணிப் பூசை செயின்ட் வால்பர்கா மடத்துச் சிற்றாலயத்திலிருந்து நேரடியாக வருகிறது. இடதுபக்கம், இரண்டாம் வரிசை, சுவரோரம் உட்கார்ந்திருப்பவர் சிஸ்டர் பெனிக்னா. வயது தொண்ணூற்றொன்று. என் அக்கா.

அவளுக்குக் காது முழுவதும் போய்விட்டது. தொலைபேசி பயனில்லை. கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். போன வருடக் கோடையில் அதுவும் நின்றது. கை நடுங்குகிறது என்று வேறொரு சிஸ்டர் எழுதினார். காய்ச்சல் பரவியதால் அக்டோபரிலிருந்து வெளியாட்களை உள்ளே விடவில்லை. எனக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

நான் அந்த மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்தேன். அக்கா அப்போதே சபையில் சேர்ந்திருந்தாள். சீருடை பார்க்கும் பொறுப்பு அவளுக்கு. சாப்பாட்டு அறைக்கு முன்னால் எங்களை வரிசையில் நிறுத்திப் பொத்தான்களைப் பார்ப்பாள். ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். தங்கை என்பதால் என்னை இரண்டு முறை பார்ப்பாள். சாப்பாட்டு அறையில் பேசக்கூடாது. நான் கூன் போட்டு உட்கார்ந்தால் அங்கிருந்தே தன் காதைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். 'பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நிமிர்ந்து உட்கார்' என்று அர்த்தம்.

பூசை டி.வி.யில் வரத் தொடங்கியதிலிருந்து, எல்லோரும் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அவள் காமிராவைப் பார்த்துக் காதை இழுப்பாள். நான் இங்கே நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். பதினொரு வருடமாக இப்படி. கேபிளில் அந்தப் படம் மங்கல்தான். ஏழெட்டு வெள்ளைத் தலைகளில் அவள் யாரென்று காதை இழுக்கும்போதுதான் தெரியும்.

பிறகு சேனல் போயிற்று. ஆறு ஞாயிற்றுக்கிழமை அவள் யாரும் பார்க்காத காமிராவைப் பார்த்துக் காதை இழுத்திருக்கிறாள்.

நவம்பர் பதினேழாம் தேதி, ஆண்டெனாவைச் சரியான திசையில் திருப்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு, அவளை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தேன். கம்பளிச் சட்டையின் நூல் தெரிந்தது. அது நான் பின்னியது. பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. மேல் பொத்தான் இரண்டாவது துளையில், கடைசித் துளை காலி. மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அவளை அறிந்தவளுக்கு அது வீடு தீப்பற்றியது போல. அன்றே மடத்தின் தலைவிக்கு எழுதினேன். மருத்துவர் வந்து பார்த்ததில், சிறு சிறு பக்கவாதங்கள் வந்து போயிருப்பது தெரிந்தது. தினமும் அவளோடு வாழ்ந்தவர்கள் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அதன்பிறகு மாத்திரை கொடுக்கிறார்கள், உடுத்தவும் ஒருவர் உதவுகிறார். குளிர்காலம் முழுவதும் பொத்தான்கள் சரியாக இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் எண்ணிப் பார்த்தேன்.

இப்போது இரண்டு வாரமாகத் தெரியவில்லை. பொத்தான் எப்படி இருக்கிறது, தெரியாது. அவள் அந்த இடத்தில் இருக்கிறாளா என்பதும் தெரியாது.

ஈஸ்டரிலிருந்து மடத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். இங்கிருந்து எழுபது மைல். நான் இப்போது கார் ஓட்டுவதில்லை.

இதுதான் காரணம். மீன் விருந்தில் என்னை ஏழை என்றார்கள், சண்டைக்காரி என்றார்கள். இதைச் சொல்லியிருந்தால் இரக்கப்பட்டிருப்பார்கள். இரக்கத்துக்கு அந்த இரண்டுமே மேல் என்று அப்போது தோன்றியது.

ஆர்டிஸின் மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

ரோசெல்லா பிராண்டல்


19 மே 2025

அன்புள்ள ரோசெல்லா,

இதைத் தபால்தலை ஒட்டி, நானே நடந்து வந்து உங்கள் பெட்டியில் போடுகிறேன். தபால்தலை இல்லாமல் போடுவது சட்டப்படி குற்றம் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாதே.

உங்கள் கடிதத்தை ஆர்டிஸுக்குப் படித்துக் காட்டினேன். காட்டலாமா என்று கேட்டிருக்க வேண்டும். மரம் அவளுடையது, அதனால் படித்தேன். காதை இழுப்பார் என்ற இடம் வந்ததும், "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன்.

"அந்தக் காதை இழுக்கிற சிஸ்டரா?"

"உனக்கெப்படித் தெரியும்? நாம லூத்தரன், கத்தோலிக்கப் பூசை பார்க்கிறதில்லையே."

"பால் விலை சொல்றதுக்கு முன்னாடி அதுதானே ஓடும். நீ காப்பி போடப் போயிடுவே, நான் பார்த்துட்டிருப்பேன். எல்லாரும் பக்கத்துல கை குடுத்துப்பாங்க. அந்தம்மா மட்டும் நேரா நம்மைப் பார்த்து காதை இழுக்கும். யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து இதுக்காகவே பார்க்கிறாங்கன்னு நான் அப்பவே நெனச்சேன். மில்வாக்கியா இருக்கும், மினியாபொலிஸா இருக்கும்னு. எதிர்வீடுன்னு எனக்குத் தோணவே இல்ல, வெர்லின்."

திரும்பி ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தாள். பிறகு, "ரம்பம் கொட்டகையிலேதானே இருக்கு?" என்றாள்.

குருவி என்றேன். "குருவிக்கு மிச்சக் கிளை போதும். நீ கீழே விழாம வெட்டு. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான்" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு கிளையையும் இறக்கிவிட்டேன். நீங்கள் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தது தெரியும். நேற்று பூசையில் படம் வந்ததா என்று ஆர்டிஸ் மூன்று தரம் கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியாது, கடிதம் வரும் என்றேன்.

அடுத்து ஒரு வெட்கக்கேடு. ஆர்டிஸுக்கு மறுபடி ஒன்பதாம் சேனல் வேண்டுமாம். எங்கள் கூரையிலும் ஓர் ஆண்டெனா வைக்க வேண்டும். பதினான்காம் விதியை எழுதியவன் நான். என்ன வாங்குவது, எந்தப் பக்கம் திருப்புவது, சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, அந்த எழுபது மைல். என் வண்டி சும்மாதான் நிற்கிறது. நீங்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டீர்கள் என்று ஆர்டிஸ் அடித்துச் சொல்கிறாள். அதனால் நான் கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை என்னோடு செயின்ட் வால்பர்காவுக்கு வருகிறீர்களா?

வெர்லின்


21 மே 2025

அன்புள்ள வெர்லின்,

ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. ஒரு கட்டம்கூட உடையவில்லை. அக்கா அவள் இடத்தில் இருந்தாள், இப்போது சக்கர நாற்காலியில். பொத்தான்கள் சரியாக இருந்தன. காதை இழுக்கக் கை பாதி வரைதான் உயர்ந்தது. மீதியை நான் புரிந்துகொண்டேன்.

ஆண்டெனா விஷயம். ஜன்னலில் ஒட்டும் தகட்டை வாங்க வேண்டாம். பெட்டியில் எத்தனை எச்.டி. அச்சடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டாம். கை நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள், என் ஆண்டெனாவின் நீளமான கம்பிக்குக் குறையக் கூடாது. மின்னலுக்காக ஒரு கம்பியை மண்ணில் இறக்குங்கள், அதில் சிக்கனம் கூடாது. வடமேற்கே, ஆற்றுக்கு அப்பால் உள்ள குன்றைப் பார்த்துத் திருப்புங்கள். உங்களுக்கும் கோபுரத்துக்கும் நடுவே யார் வீடும் இல்லை, யார் மரமும் இல்லை. கடைசியாக டி.வி.யைச் சேனல்களைப் புதிதாகத் தேடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் ஆண்டெனா கெட்டுவிட்டது என்று பாதி ஊர் திட்டிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ட்வெயின் உங்கள் வீட்டுக்கு வருவான், சொல்லிவிட்டேன். என்னைப் பாட்டி என்று கூப்பிடுவதை இன்னும் நிறுத்தவில்லை. உங்களைத் தாத்தா என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பதினான்காம் விதியை நீக்கும் தீர்மானத்தை நீங்களே கொண்டுவர வேண்டும். நான் வழிமொழிகிறேன். உங்கள் கூரையில் ஆண்டெனா நிற்கும்போது அந்த விதி ஏட்டில் இருப்பது அழகல்ல.

ஆர்டிஸுக்கு ஒன்று சொல்லுங்கள். அவள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். என் பின்தோட்டத்துப் பறவைத் தீனிக் கூண்டை அவளுடைய ஜன்னலுக்கு நேரே மாட்டித்தர ட்வெயினிடம் கொடுத்திருக்கிறேன். குருவிகள் ஒரு வாரத்தில் இடம் கண்டுபிடித்துவிடும்.

இனி உங்கள் கேள்வி. வருகிறேன். சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குத் தயாராக இருப்பேன். ஆற்றோரச் சாலையில் வேகமாக ஓட்டக்கூடாது. மடத்தின் விருந்தினர் விடுதியில் இரண்டு இரவுக்கு அறை கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் அன்றே ஆர்டிஸிடம் திரும்பிவிட வேண்டும். திங்கட்கிழமை மதியம் வந்து அழைத்துச் சென்றால் போதும். இதை உதவி என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லை எழுதக் கொஞ்சம் நேரமாயிற்று.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நீங்கள் காப்பி போடப் போகாமல் ஆர்டிஸோடு உட்கார்ந்து ஒன்பதாம் சேனலைப் பாருங்கள். இடதுபக்கம், இரண்டாம் வரிசை, சுவரோரம். எல்லோரும் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அங்கே இரண்டு பேர் காதை இழுப்பார்கள். ஒருவர் கை பாதி வரைதான் வரும். இன்னொருவர் ஆர்டிஸைப் பார்த்து இழுப்பார். அவள் நிமிர்ந்து உட்கார முடியாது என்பது தெரியும், தலையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

அந்த இடத்தில் உட்கார்ந்தபின் எனக்குப் படம் தெரியாது. ஆகவே படம் தெளிவாக வந்ததா, எங்கள் இருவரின் பொத்தான்களும் சரியாக இருந்தனவா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ரோசெல்லா